மார்பில் ஓர் அளவு, கழுத்தில் ஓர் அளவு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் கம்பெனியின் செக்கிங் மேசையில் அளவு வாரியாக நான்கு அடுக்குகள் இருந்தன. எல்லாம் சாம்பல் நிற டி-ஷர்ட்டுகள். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த டிசைனர் கேரன் முதல் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து விரித்து, மார்பில் இருந்த எழுத்துகளை இரண்டு முறை படித்தார். அடுத்த அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்தார். பிறகு மூன்றாவது. நான்காவதை விரித்தபோது அவர் முகத்தில் தெரிந்தது கோபமா, சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூவாயிரம் சட்டைகள். மூவாயிரத்திலும் ஒரே தவறு. அதை மிகுந்த கவனத்தோடு யோசித்து, கொஞ்சம் பெருமையோடும் செய்தவள் நான்.

வாங்குபவருக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசராக இன்று வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் துணியைப் பற்றியும் ஷிப்மென்ட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தத் தவறைத்தான். அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

காலி இடம்

எண்பதுகளின் நடுவில், ஆங்கில இலக்கியத்தில் ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு நான் அந்தக் கம்பெனியில் டெலக்ஸ் அடிக்கச் சேர்ந்தேன். அதுவரை உள்நாட்டுக்கு பனியன் போட்டுக்கொண்டிருந்த கம்பெனி. அப்போதுதான் அமெரிக்காவுக்கு டி-ஷர்ட் அனுப்பத் தொடங்கியிருந்தது. சரக்கு வாங்க வந்துபோகும் வெளிநாட்டு பையர்கள் விமானத்தில் படித்த பத்திரிகைகளை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள். நான் அவற்றை எடுத்து வைத்துக்கொள்வேன். கட்டுரைகளைவிட விளம்பரங்களைத்தான் முதலில் படிப்பேன். ஒரு நாட்டின் கட்டுரைகள் அது எப்படிச் சிந்திக்கிறது என்பதைச் சொல்லும். அது எதற்கு ஆசைப்படுகிறது என்பதை விளம்பரங்களிடம்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தது.

ஒரு முறை முழுப் பக்க விளம்பரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் முழுவதும் வெள்ளை. வலது கீழ் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கைக்கடிகாரம். அவ்வளவுதான். அந்தப் பக்கம் வந்த முதலாளி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, முழுப் பக்கத்துக்கும் காசு கட்டிப்போட்டு மூலையில மட்டும் படம் போட்டிருக்கறான்? அச்சுக்காரன் ஏமாத்திப்போட்டானா?"

"இல்லீங்க. வேணும்னேதான் விட்டிருக்காங்க."

"வேணும்னேவா! நம்ம பனியன் பொட்டிய அந்தாளுகிட்டக் காட்டுனா மயக்கம் போட்டு உழுந்துருவான்."

எங்கள் பெட்டியில் சிரிக்கும் குழந்தை ஒன்று, தாமரை இரண்டு, யாரும் எங்களுக்குக் கொடுத்திராத பதக்கங்கள் மூன்று, நான்கு மொழிகளில் 'சுத்தப் பருத்தி', மீதமிருந்த இடத்தில் தொலைபேசி எண். எங்கள் பெட்டி தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடும். அந்த வெள்ளைப் பக்கமோ, எவ்வளவு சொல்லாமல் இருக்கத் தன்னால் முடியும் என்று காட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பார்வையை முதலாளி கவனித்திருக்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்த சமயம், என்னை மெர்ச்சண்டைசர் நாற்காலியில் உட்காரவைத்தார். எங்கள் கம்பெனியில் அதில் உட்கார்ந்த முதல் பெண் நான். "ஒரு சீசன் பாக்கலாம் அம்மிணி. தப்பு வந்துச்சுன்னா மறுபடியும் டைப் மெசினுதான். வருத்தப்படக் கூடாது" என்று சொல்லித்தான் உட்காரவைத்தார்.

யாருடைய சொத்து?

கேரனின் ஆர்டர் அந்த சீசனில் வந்தது. சாம்பல் நிறத் துணி, மார்பில் கருநீலப் பிரிண்ட். தனித் துணித் துண்டில் பிரிண்ட் அடித்து அனுப்பிய ஸ்ட்ரைக்-ஆஃப்புக்கு ஒப்புதலும் வந்துவிட்டது. ஆர்ட்வொர்க்கில் மூன்று வரிகள்: 'பார்னபி கல்லூரியின் சொத்து' என்று முதல் வரி, 'விளையாட்டுத் துறை' என்று இரண்டாவது, அதற்குக் கீழே பெரிதாக 'எக்ஸ்எக்ஸ்எல்'.

பிரிண்டிங் வேலையை வேலுச்சாமியிடம் கொடுத்தோம். பெரிய யூனிட் ஒன்றில் பல வருடம் பிரிண்டிங் மாஸ்டராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, பல்லடம் ரோட்டில் மச்சானுடைய இடத்தில் சொந்தமாக ஷெட் போட்டிருந்தார். எங்கள் ஆர்டர்தான் அவருக்கு முதல் எக்ஸ்போர்ட் வேலை. அது நன்றாகப் போனால் மற்றக் கம்பெனிகள் அவரைத் தேடி வரும். கெட்டுப்போனால், "அந்த ஆளு பீஸைக் கெடுத்துப்போட்டான்" என்று எவரேனும் ஒரு டீக்கடையில் சொன்னால் போதும். திருப்பூரில் அதற்கு மேல் ஒரு பிரிண்டரால் டேபிள் போட முடியாது.

ஆர்ட்வொர்க்கின் அர்த்தத்தை அவருக்குச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்.

"அட, நம்ம பாத்திரத்துல பேரு வெட்டற மாதிரிங்க. கல்யாணத்துக்குக் குடுத்துட்டா குண்டா திரும்பி வரோணுமில்லீங்க."

"ஆனா இது கடையில விக்கிற சட்டைங்க. யார் வேணும்னாலும் வாங்குவாங்க."

"அதெப்படீங்க? காசு குடுத்து வாங்குனவனுக்குத்தானே சொந்தம்? காலேஜ்காரன் பேரு எதுக்குங்க?"

எனக்கும் அதே கேள்விதான். ஜவுளிக்கடைப் பெயர் போட்ட மஞ்சள் பையை நாமும் சுமக்கிறோம். ஆனால் பையைக் கடைக்காரர் சும்மா கொடுக்கிறார். படிக்காத கல்லூரியின் பெயரை விலை கொடுத்து வாங்கி மார்பில் ஏற்றிக்கொள்பவரின் மனத்தை எப்படிப் புரிந்துகொள்வது? கோயம்புத்தூர் போயிருந்தபோது நூலகத்தில் தடிமனான கலைக்களஞ்சியம் ஒன்றைப் புரட்டி பார்னபி கல்லூரியைத் தேடினேன். கிடைக்கவில்லை. சின்னக் கல்லூரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு ஸ்கிரீன்

கட்டிங் முடிந்து, முன்பக்கத் துண்டுகள் அளவு வாரியாக பண்டல் கட்டப்பட்டு வேலுச்சாமியின் ஷெட்டுக்குப் போயின. மறுநாளே ஒரு பண்டலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, பண்டல்ல எஸ்ஸுன்னு டிக்கெட் கட்டியிருக்குது. நெஞ்சுல எக்ஸ்எக்ஸ்எல்லுன்னு அடிக்கச் சொல்றீங்க. எப்புடீங்க?"

ஆர்டர் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். எஸ், எம், எல், எக்ஸ்எல் ஆகிய நான்கு அளவுகள்தான். எக்ஸ்எக்ஸ்எல் என்று ஓர் அளவே ஆர்டரில் இல்லை.

"மளிகைக் கடையில அரை லிட்டர் அளவுல ரெண்டு லிட்டருன்னு முத்திரை இருந்தா உடுவாங்களாங்க? புடிச்சு உள்ள போட்டுருவாங்க" என்றார் வேலுச்சாமி.

அவர் கேட்கத்தான் வந்தார். முடிவு எடுத்தவள் நான். டிசைனர் ஏதோ ஓர் அளவை மாதிரிக்கு எழுதியிருக்கிறார், அந்தந்தச் சட்டைக்கு அதனதன் அளவைப் போட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்க வேண்டிய விஷயம் என்று தீர்மானித்தேன். கேட்டு எழுதலாம். ஆனால் நவம்பர் கடைசி; அங்கே நன்றி சொல்லும் திருநாள் என்று நான்கு நாள் எல்லா அலுவலகமும் பூட்டிக் கிடக்கும். தையல் லைன் துண்டுகளுக்காகக் காத்திருந்தது.

"நாலு ஸ்கிரீன் போட்டுருங்க. எஸ்ஸுக்கு எஸ், எம்முக்கு எம்."

"அப்படிச் சொல்லுங்க! அதான் நாயம்" என்று நிம்மதியோடு போனார். அச்சுக்கு ஒரு ஸ்கிரீன் தயாரிக்கவேண்டிய இடத்தில் நான்கு தயாரித்தார். பண்டல் மாறிவிடக் கூடாதென்று நான்கு டேபிள்களில் தனித்தனியாக அடித்தார். அன்று மாலை நான் கேரனுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினேன்: 'உங்கள் ஆர்ட்வொர்க்கில் இருந்த அளவுப் பிழையைக் கவனித்தோம். சட்டைதோறும் சரியான அளவு வருமாறு திருத்திவிட்டோம்.' அந்த வாக்கியத்தை மூன்று முறை திருத்தி எழுதியது நினைவிருக்கிறது. பதில் வரவில்லை. மௌனத்தை நன்றியென்று எடுத்துக்கொண்டேன். கேரன் விடுமுறைக்கு முன்பே ஆசியப் பயணத்துக்குக் கிளம்பிவிட்டார் என்பதும், ஃபேக்ஸ் அவர் மேசையில் கிடந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை

நான்காவது சட்டையைக் கீழே வைத்துவிட்டு கேரன் கேட்டார்: "என் எக்ஸ்எக்ஸ்எல் எங்கே?"

நான் வாய் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "பிரிண்டர் மிஸ்டேக் மேடம். டோட்டல் பிரிண்டர் மிஸ்டேக்."

மீதித் துண்டுகளை ஒப்படைக்க வந்திருந்த வேலுச்சாமி வாசலருகே நின்றிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'பிரிண்டர்', 'மிஸ்டேக்' இரண்டும் திருப்பூரில் தமிழ்ச் சொற்கள். அவர் முதலாளியைப் பார்க்கவில்லை, கேரனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

ஒரு கணம் நான் பேசாமல் இருந்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். டைப் மெஷின் எந்த மூலையில் இருக்கிறது என்று என் கண் தேடியது.

"அவர் மிஸ்டேக் இல்லீங்க" என்றேன் முதலாளியிடம்.

"நீயி சும்மா இரு அம்மிணி."

"அவர் கேக்கத்தான் வந்தாருங்க. மாத்தச் சொன்னது நான்."

அதையே கேரனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். ஃபேக்ஸின் நகலையும் காட்டினேன். படித்துவிட்டு, அவர் அருகில் இருந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "ஏன் மாற்றினீர்கள்? எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்" என்றார். அரை லிட்டர் அளவையும் முத்திரையையும் சொன்னேன். கல்யாணத்துக்கு இரவல் போகும் குண்டாவைச் சொன்னேன். எழுதியது பொய்யென்றால் எங்கள் ஊரில் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்; ஆனால் அது கேலிச் சிரிப்பாக இல்லை.

"பார்னபி கல்லூரி எங்கே இருக்கிறது?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்கேயும் இல்லை. பார்னபி என் நாய்."

நான் மொழிபெயர்த்ததும் முதலாளி, "நாயா? நாய் பேர்ல காலேஜா?" என்று என்னைப் பார்த்தார், நான்தான் ஏதோ தப்பாகச் சொல்கிறேன் என்பதுபோல.

கேரன் விளக்கினார். அங்கே கல்லூரி விளையாட்டு வீரர்களின் சட்டைகளில் இப்படித் துறையின் பெயரும் அளவும் அச்சடித்திருப்பார்களாம். சலவைக்குப் போனால் தொலையாமல் இருக்க. ஆட்டக்காரன் மலைபோல இருப்பான். அவனுடைய தோழி அந்தச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவாள். கை முழங்கைக்குக் கீழே தொங்கும். மார்பில் இருக்கும் அளவு அவளுடையதல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். யாருடையது என்பதும் தெரியும். "பெண்கள் தங்களுக்குச் சரியாகப் பொருந்தும் சட்டையில் அந்தப் பழைய எழுத்தைக் கேட்கிறார்கள். உண்மையான அளவு கழுத்து லேபிளில் இருக்கும். மார்பில் நான் எக்ஸ்எக்ஸ்எல் என்று மட்டும்தான் போடுகிறேன்" என்றார்.

இல்லாத கல்லூரியின் இல்லாத ஆட்டக்காரன் ஒருவனின் சட்டை. மூன்று வரிகளில் ஒரு காதல் கதை. நான் அதன் கடைசி வரியை வெட்டிவிட்டு அங்கே அளவை எழுதியிருந்தேன். சிறு வயதில் அண்ணன்மாரின் சட்டையைப் பிடித்துத் தைத்த ரவிக்கையோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். பழைய தையல் கோடு தெரிந்துவிடக் கூடாதே என்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பேன். அடுத்தவர் சட்டை என்பது எங்களுக்கு மறைக்க வேண்டிய ஒன்று. அதைப் புதிதாகச் செய்து விற்கும் ஒரு நாடு இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

சிரிப்பு அடங்கியதும் கேரன் தெளிவாகச் சொன்னார்: "இப்படியே நான் எடுக்க முடியாது. கடைகளுக்குப் படம் போய்விட்டது. சனிக்கிழமை நான் கிளம்புகிறேன். அதற்குள் எனக்கு எக்ஸ்எக்ஸ்எல் வேண்டும்."

அளந்த கோணல்

வேலுச்சாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். "கேளுங்க அம்மிணி. அந்த அளவு எழுத்து மேல ஒரு கருநீலக் கட்டம் அடிச்சு மூடிப்போட்டு, காஞ்ச பொறவு அதுக்கு மேல காதி வெள்ளையில எக்ஸ்எக்ஸ்எல் அடிக்கட்டுங்களா?" காதி என்பது அடிநிறம் தெரியாமல் மூடக்கூடிய கெட்டியான பிரிண்ட்.

அங்கேயே ஒரு சட்டைக்குள் அட்டையைச் செருகி, ஷெட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு மணி நேரத்தில் அடித்துக் கொண்டுவந்தார். கேரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார். ஸ்டோர் ரூம்காரர் அவசரத்தில் குத்திய ரப்பர் ஸ்டாம்ப் போல இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது என்றார். ஒரே ஒரு குறை. "ரொம்ப நேராக இருக்கிறது. கொஞ்சம் கோணலாக வேண்டும்."

"கோணலாவா?" வேலுச்சாமி என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏனுங்க, கோணலா அடிச்சான்னு ரெண்டு பேர வேலையை உட்டே அனுப்பியிருக்கறேனுங்க நானு."

"அவங்க அப்படித்தான் கேக்கறாங்க."

"எவ்வளவு கோணலுங்க? அளவு சொல்லச் சொல்லுங்க."

கேரன் கையைக் காற்றில் சாய்த்துக் காட்டினார். வேலுச்சாமி ஸ்கேலை எடுத்து அந்தச் சாய்வை அளந்தார். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், உயரம் என்று எழுதிக்கொண்டார். புதன்கிழமை காலையிலிருந்து செக்கிங்கில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அவருடைய ஷெட்டில் சட்டைக்குள் அட்டை செருகினார்கள், உருவினார்கள், காயவைத்தார்கள். நானும் செருகினேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூவாயிரம் சட்டையும் கேரன் முன்னால் இருந்தன. மூவாயிரத்திலும் அதே ஒரு நூல் கோணல், மயிரிழை பிசகாமல்.

"ஒவ்வொன்றும் வேறுவேறு கோணலாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்" என்றார் கேரன், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

மொழிபெயர்த்தேன். வேலுச்சாமி யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கோணலா வர்றதுக்கு பிரிண்டர் எதுக்குங்க? அது அதும்பாட்டுக்கு வருமே."

இதை நான் கேரனுக்குச் சொன்னபோது அவர் பேனாவை நிறுத்திவிட்டு, வேலுச்சாமியை மரியாதையோடு பார்த்தார்.

ஒரு ஃபைல்

ஒரு வாரம் முதலாளி என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. எட்டாம் நாள் என் மேசையருகே நின்றார். "அந்த டைப் மெசினு தூசி அடைஞ்சு கெடக்குது. அதும்பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலுச்சாமியை அழைத்து அடுத்த ஆர்டரையும் அவரே கொடுத்தார். அன்று 'பிரிண்டர் மிஸ்டேக்' என்று சொன்னதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டீயை மட்டும் தன் கையால் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் அனுப்பிய ஒவ்வொரு ஃபேக்ஸின் அடியிலும் ஒரு 'ஏன்' இருந்தது. புதுச் சட்டையில் பிரிண்ட் ஏன் வெடித்ததுபோல் இருக்க வேண்டும்? ஒருபோதும் நடக்காத படகுப் போட்டிக்கு ஏன் தேதி? மீன் பிடிக்காதவர் மீன்பிடிச் சங்கத்தின் பெயரை ஏன் போட்டுக்கொள்கிறார்? கேரன் எல்லாவற்றுக்கும் பொறுமையாக எழுதினார். சிலவற்றுக்கு, 'தெரியவில்லை, நீங்கள் கேட்ட பிறகு நானும் யோசிக்கிறேன்' என்று எழுதினார். அந்தப் பதில்களையெல்லாம் கோத்து ஒரு ஃபைல் வைத்தேன். அமெரிக்காவுக்கு நான் போனதில்லை. என் அமெரிக்கா அந்த ஃபைல்தான்.

ஏழெட்டு வருடங்கள் ஓடின. வேலுச்சாமியின் ஷெட் நீண்டு, டேபிள்கள் பெருகின. உள்ளே நுழைந்ததும் சுவரில், திருத்தாமல் மிஞ்சிய ஒரு முன்பக்கத் துண்டை ஆணியடித்து மாட்டியிருப்பார்: பார்னபி கல்லூரியின் சொத்து, எஸ். புதிய மெர்ச்சண்டைசர் யாராவது ஆர்ட்வொர்க்கோடு வந்தால், ஸ்கிரீனில் மையை இழுக்கும் ஸ்குவீஜியைத் தொடுவதற்கு முன் அந்தத் துண்டைக் காட்டி ஒரு கேள்வி கேட்பாராம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, என்னையே கேட்கும்வரை.

வேறொரு பையருக்கான ஆர்டர் அது. பாய்மரப் படகின் படம், வலது ஓரத்தில் பாதிப் பாயோடு அறுந்து நின்றது. அவசர வேலை. ஸ்கிரீன் தயாரிக்க பையர் அனுப்பிய ஃபிலிமை நானே கொண்டுபோனேன்.

"ஏன்னு கேட்டீங்களாங்க அம்மிணி?" என்றார் வேலுச்சாமி.

"இதுல என்னங்க கேக்கறதுக்கு? அவங்களுக்கு அறுந்தது, வெடிச்சது, கோணல் எல்லாம்தான் புடிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் கையிலிருந்த ஸ்குவீஜியைத் துடைத்து டேபிள் மேல் வைத்துவிட்டார்.

நான் கம்பெனிக்குத் திரும்பினேன். ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது: ஃபிலிம் வெட்டும்போது தவறிப் பாதி போய்விட்டது, முழுப் படகையும் கூரியரில் அனுப்புகிறோம், தயவுசெய்து எதையும் அச்சடிக்க வேண்டாம்.

முன்பு தெரியாமல் திருத்தினேன். இப்போது தெரிந்துவிட்டதாக நினைத்துத் திருத்தாமல் விட இருந்தேன். இரண்டும் ஒரே தவறு என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழெட்டு வருடமும் ஒரு தடித்த ஃபைலும் தேவைப்பட்டன.

ஃபேக்ஸ் தாளை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

"என்னங்க சொல்றாங்க?"

"தப்புன்னுதான் சொல்றாங்க."

வேலுச்சாமி சுவரிலிருந்த எஸ் துண்டை ஒரு முறை பார்த்தார். "புது ஃபிலிம் எப்பங்க வரும்?" என்று மட்டும் கேட்டார்.